நேர்ச்சைக்கால் என்று நினைத்து மேகமலை ஏறினோம்

போன தை மாதம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனது சுற்றிப்பார்க்க மட்டும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். நான் பிழைத்து வந்தால் சித்தி ஊரான காமயகவுண்டன்பட்டிக் கத்தோலிக்கக் கோயிலில், வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலாலேயே நடப்பதாக என் அக்கா அமலி நேர்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கையோடு மேகமலைக்கும் போய்வரலாம் என்று திட்டம் போட்டது நான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல்லில் குமுளி பஸ் ஏறினோம். ஒன்பதேகாலுக்குக் கம்பம். அங்கிருந்து டவுன் பஸ். அக்காவுக்கு டிக்கெட் கிடையாது, எனக்குப் பத்து ரூபாய். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், வழியெல்லாம் திராட்சைப் பந்தல்.

அன்று சாயங்காலமே நேர்ச்சை. பாதி வழியில் அக்காவுக்கு முட்டி சிராய்ந்து ரத்தம் கசிந்தது. அவளுக்குச் சர்க்கரை வேறு. "போதும்க்கா" என்றேன். "பேசாம செபத்தைச் சொல்லுடா" என்று அதட்டிவிட்டுப் பீடம்வரை போனாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வலது முட்டி தேங்காய் போல வீங்கியிருந்தது. சிவந்து, தொட்டால் சுட்டது. சித்தி பதறவே இல்லை. "நேர்ச்சைக்காலு வீங்காம இருக்குமா ஆத்தா? எண்ணெ காய்ச்சி நீவிவிட்டா வத்திரும்" என்று நீவியும் விட்டார். முழங்காலில் நடந்தவர்களுக்கு வீங்குவது அங்கே வழக்கம்; அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. நானும் தலையாட்டினேன். மலையில் அன்றைக்கு அறை பதிவு செய்திருந்தேன், அதுதான் உண்மையான காரணம்.

வாடகைக் கார் நாளுக்கு 4,500 ரூபாய். டிரைவர் முருகேசன் அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றும்போதே முகம் மாறினார்.

"அண்ணே, இவுகளுக்கு மேலு கொதிக்குது. எங்க மதினிக்கும் இப்படித்தான் திடீர்னு ஒத்த முட்டி வீங்குச்சு. தேனில டாக்டரு ஊசி வச்சு நீர எடுத்துப் பார்த்தாக. மொதல்ல அங்கன போவோம். மலை எங்க ஓடிரப் போகுது?"

"ரெண்டு நாள்ல வத்திரும். வண்டியை எடுங்க" என்றேன். "தம்பி ஆசைப்படுறான், போவோம்" என்றாள் அக்கா. அன்றைக்கு நான் பேசிய குரலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சின்னமனூரிலிருந்து மேலே சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தேயிலைச் சரிவும் ஏரியும் அழகுதான். நான் இறங்கிப் படம் எடுத்தேன். அக்கா காரிலேயே காலை நீட்டிக் கிடந்தாள். இரண்டரை மணிக்கு அவளுக்குப் பல் கிட்டி நடுக்கம் வந்தது. முருகேசன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வண்டியைத் திருப்பிவிட்டார்.

தேனி மருத்துவமனைக்கு வரும்போது ஐந்தரை. டாக்டர் முட்டியில் ஊசி வைத்து எடுத்தது சீழ். மூட்டு திடீரென்று வீங்குவதற்கு அடிபட்டது, யூரிக் அமிலம், சிக்குன்குனியா, வாதம் என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் காய்ச்சலோடு ஒரே மூட்டு சுட்டால், கிருமி இல்லை என்று தெரியும்வரை கிருமி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சிராய்ப்பு வழியாகப் போயிருக்கலாமாம், சர்க்கரையும் சேர்ந்துகொண்டதாம்.

"எப்ப வீங்குச்சு?"

"காலைல ஆறு மணிக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கே முட்டியைத் திறந்து கழுவினார்கள். பன்னிரண்டு நாள் தேனியிலேயே இருந்தோம்.

மேகமலை போகிறவர்கள் காலையிலேயே ஏறுங்கள், இருட்டுவதற்குள் வனத்துறைச் சோதனைச் சாவடியை அடைத்துவிடுவார்கள். மேலே பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. வீங்கிச் சுடுகிற மூட்டை யார் சொன்னாலும் நீவாதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். அறை இன்னொரு நாளும் கிடைக்கும்.

அக்கா இப்போது நடக்கிறாள். முட்டி பாதிதான் மடங்குகிறது. ஞாயிறு பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது அவள் மட்டும் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் என் தலைமேல் கையை வைத்து, இன்னும் எனக்காகத்தான் செபிக்கிறாள்.