புரிஞ்சுதுங்க

டிஞ்சரும் சீழும் கலந்த வாடை எங்கே அடித்தாலும், குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கட்டுப் போட்ட இடது காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அப்பாதான் எனக்கு நினைவுக்கு வருகிறார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லாரி ஓட்டியவர். கட்டைவிரலில் ஆணி குத்திய புண், சர்க்கரையால் ஆறவே இல்லை. கிளட்ச் மிதிக்கிற கால் அது. கால் போனால் வண்டி போச்சு, வண்டி போனால் சோறு போச்சு என்பது ஏழாவது படித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரிந்திருந்தது.

வாரா வாரம் போவோம். பாதி நாள் வரிசையில் காத்துக் கிடந்து உள்ளே போனால், டாக்டர் மளமளவென்று பேசிவிட்டு "புரிஞ்சுதா?" என்பார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "புரிஞ்சுதுங்க" என்பார். எங்களுக்கு முன்னால் போனவர்களும் அதைத்தான் சொன்னார்கள், பின்னால் வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஒரு கும்பிடு மாதிரி. படித்தவர் கேட்டால் போட்டுவிட்டு வர வேண்டியது. வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம், "அவுரு என்னா சொன்னாரு?" என்று கேட்பார்.

"நீங்கதான புரிஞ்சுதுன்னீங்க."

"டாக்டரு கேக்கறப்ப வேற என்னாத்தச் சொல்றது?"

பிறகு மருந்துக் கடைக்காரரிடமும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்டு, ஆளுக்கொன்றாகச் சொன்னதை ஒட்டவைத்துக்கொண்டு வீடு வந்து சேருவோம்.

ஒரு வாரம் விரல் கறுத்திருந்தது. டாக்டர் பேசி முடித்து வழக்கம்போல் கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் அம்மா, "எனக்குப் புரியலீங்க" என்றாள். வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"விரல எடுத்துடணும்மா. போன வாரமே சொன்னேன், புரிஞ்சுதுன்னுட்டுப் போயிட்டாரு. இன்னும் தள்ளிப்போட்டா காலையே எடுக்கற மாதிரி ஆயிடும்."

விரல் போயிற்று, கால் தங்கியது. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அப்பா அன்று பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து வந்தார். அடுத்த பலா சீசனில் அதே காலால்தான் கிளட்ச் மிதித்தார்.

அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று சென்னையிலிருந்து போனில், வேலை முடிந்த அலுப்போடு வெடுக்கென்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்கிறேன்.

"புரிஞ்சுதும்மா, புரிஞ்சுது. நீ வேலையப் பாரு."

அப்படியே அப்பா குரல். அன்றைக்கு டாக்டரிடம் புரியவில்லை என்று சொன்னவள், பெற்ற மகளிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். போனை வைத்துவிட்டு யாரிடம் போய்க் கேட்கிறாளோ.