காலில் விழுந்தால் கேஸ் ஆகுமா? சாணார்பட்டிப் பயணம்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு எப்படிப் போவது என்று நாலைந்து பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். 1986 கத்திரி வெயிலில் நான் போன கதையைச் சொல்கிறேன். கோட்டையை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அதற்குக் காரணமான புண்ணியவான் என் தங்கை வீட்டுக்காரன் செல்வம்.

சாணார்பட்டி பக்கம் அவனுக்கு ஒரு கிராமம். பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையாவின் கிணற்றில் மோட்டார் குழாயின் அடியில் மாட்டும் புட்வால்வு காணாமல் போய்விட்டது. சந்தேகம் இவன்மேல். ஊர் கூடியது. இவன் பேசாமல் கருப்பையா காலில் விழுந்து எழுந்து வந்துவிட்டான். மறுநாள் அவர் போலீசில், "புட்வால்வக் காணோம். செல்வம் ஊருக்கு முன்னாடி கால்ல விழுந்துட்டான்" என்று மனு கொடுத்துவிட்டார். செல்வத்துக்கோ அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கு உத்தரவு வந்திருந்த நேரம். கேஸ் பதிவானால் வேலை அம்போ.

மதுரையிலிருந்து அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய், நின்றுகொண்டே வந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலேயே செல்வம் காத்திருந்தான்.

"எடுக்காதவன் எதுக்குடா விழுந்த?"

"அவரு எனக்குப் பெரியப்பா முறை, மச்சான். விழுந்தா சண்டை முடிஞ்சுரும்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். பிரியாணிக் கடை வாசனையைத் தாண்டி வக்கீல் வீட்டுக்கு இழுத்துப் போனேன்.

வக்கீல் நிதானமாகச் சொன்னார்: "எது குற்றம், என்ன தண்டனைன்னு சொல்றது 1860-ல எழுதின சட்டப் புத்தகம். ஊர்ப் பழக்கம் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனா ஊர் முன்னாடி ஒருத்தன் ஒத்துக்கிட்டான்னா, அது கோர்ட்டுக்கு சாட்சியா வரும். இவன் வாயத் திறந்து ஒத்துக்கிட்டானா? அதைப் புகார் குடுத்தவரையே சொல்ல வைங்க."

என்ன கூத்து பாருங்கள்! ஊரில் சண்டையை முடித்து வைக்கும் அதே கும்பிடு, ஸ்டேஷனில் கேஸை ஆரம்பித்து வைக்கிறது. வக்கீல் வீட்டுச் சட்டத்துக்கும் ஊர்ச் சட்டத்துக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

கிராமத்தில் கருப்பையா எங்களை மோர் கொடுத்து வரவேற்றார். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

"பய மேல எனக்கு என்னப்பு கோவம்? அவன் விழுந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சு. போலீசுக்குச் சொன்னா புட்வால்வத் தேடித் தருவாகல்ல?"

"அவன் வேலையே போகப்போகுதுய்யா!" என்று கத்தினேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க போவோம்" என்றார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார்: "எடுத்தேன்னு வாயால சொன்னானா?"

"இல்லங்கய்யா. கால்ல விழுந்தான்."

"ஏன் விழுந்தான்?"

"நான் பெரியவன்ல? போன வருசம் வரப்புத் தகராறுல தப்பு எம்மேல இல்ல; நானும் எங்க அண்ணன் கால்ல விழுந்தேன்."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். செல்வம் பெயரை விட்டுவிட்டு, பொருள் காணவில்லை என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் கத்திரியில் போகாதீர்கள். கோட்டைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். மதியம் பிரியாணி சாப்பிடாமல் திரும்பாதீர்கள். கூட தங்கை மாப்பிள்ளையைக் கூட்டிப் போனால் அவன் தோளில் ஒரு கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் வாசல்படி இறங்கினோமோ இல்லையோ, "என்னைக் காப்பாத்திட்டீகளே பெரியப்பா!" என்று செல்வம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான்.

"எந்திரிடா!" என்று நானும் கருப்பையாவும் ஒரே குரலில் கத்தினோம்.