என் பிள்ளையைத் தூக்க முடியாத நாட்கள்

போன தவக்காலம் தொடங்கியபோது என் மகன் கைக்குழந்தை. வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக எனக்கு ஒரு வலி வந்தது. பிள்ளையைத் தூக்கினாலே சுரீரென்று முழங்கை வரை ஏறும். டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

திருச்சி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவரிடம் சொன்னேன். "தைலம் தேச்சுக்க, சரியாயிடும்" என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாரோ?

உதவிக்கு அவருடைய அக்கா பிலோமினா வந்திருந்தார். அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்குக் குழந்தை இல்லை. நான் தூக்கப் போனால் முந்திக்கொள்வார். "நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்." குளிப்பாட்டுவது அவர், தூங்க வைப்பது அவர். பால் கொடுக்க மட்டும் நான். என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறார் என்றே நம்பினேன்.

ஒரு நாள் குளித்த பிள்ளையை நான்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாகக் கை நீட்டினேன். வலி வெட்டி இழுத்தது. பிடி நழுவியது. அண்ணி பாய்ந்து பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் சமையலறையில் யாரிடமோ போனில், தாழ்ந்த குரலில், "குழந்தைய அவகிட்ட குடுக்கவே பயமா இருக்குங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாதா படத்தின் முன் விழுந்தேன். செபமாலை உருட்ட விரல் வரவில்லை. "ஆண்டவரே, இந்த வீட்டுல என்னை நம்ப யாருமில்ல. எனக்குன்னு ஒருத்தரையாவது காட்டும்" என்று அழுதேன்.

மறுநாள் அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்ரீரங்கத்துல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், கிளம்பும்மா" என்றார். எதற்கு? என்னால் பிள்ளை வளர்க்க முடியாது என்று டாக்டர் வாயால் சொல்ல வைக்கவா? பஸ் காவிரிப் பாலம் தாண்டும் வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நெற்றியில் நாமம் இட்ட டாக்டர், என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார். அலறிவிட்டேன்.

"தசைநாரைச் சுத்தியிருக்கற உறை வீங்கியிருக்கும்மா. கைக்குழந்தை இருக்கற தாய்மாருக்கு வர்றதுதான். கட்டைவிரல் அசையாம இருக்க ஒரு பட்டை போட்டுப் பாப்போம். கேக்கலேன்னா ஊசி."

ஊசி என்றதும் எனக்குச் சந்தேகம். நான் வாய் திறக்குமுன் அண்ணி கேட்டார்: "பால் குடுக்கற பொண்ணு, டாக்டர். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" ஆகாது என்று டாக்டர் விளக்கிய பிறகும் அண்ணி விடவில்லை.

டாக்டர் சிரித்தார். "நேத்து போன்லயே இவ்வளவும் கேட்டுட்டீங்களே. 'குழந்தைய குடுக்க பயமா இருக்கு, தூக்கினா வலியில துடிக்கறா, பொய் சொல்ற பொண்ணு இல்ல'ன்னு சொன்னது நீங்கதானே?"

நான் அழுதேன். அண்ணி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "வீங்கின கைய நான் பாக்கலேன்னா நெனச்ச?"

பட்டையால் பாதி வலி குறைந்தது. பிறகு ஊசியும் போட்டுக்கொண்டேன். கட்டைவிரலை விரிக்காமல், உள்ளங்கைகளை அடியில் கொடுத்துத் தூக்கப் பழகினேன். இன்று பிள்ளையை நானே கோவிலுக்குத் தூக்கிப் போகிறேன். கணவரும் டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு துணி துவைத்துவிட்டே வேலைக்குப் போகிறார்.

கையைக் குணமாக்கியது மருத்துவம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் கேட்ட ஒருவரை ஆண்டவர் எனக்குக் காட்டினார். அன்பானவர்களே, யாரையும் நம்ப முடியாமல் தவிக்கிறீர்களா? அவரிடம் கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தாலும், ஒரு முறை கூடவே போய்ப் பாருங்கள்.