இரண்டு ஆளும் ஒரு முழமும்

என்னிடம் இருக்கும் குறிப்பு ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டது: "1955 ஆகஸ்ட். கொழும்பு, மச்சானுடன். படம் பிடித்த இடங்கள்: காலிமுகம், ரயில் நிலையம், கறுவாத்தோட்டத்து வீடு. தூண்: ஆள் இரண்டு, முழம் ஒன்று." கையெழுத்து என்னுடையது. தேதியின் மேல் தேநீர் சிந்தியிருப்பதால் ஆண்டையும் மாதத்தையும் மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

மச்சான் என் தங்கையின் கணவர்; மருதமுனையில் தறி வைத்திருந்தார். அவருடைய மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சுவர் எழும்பி, முன்பக்கம் மட்டும் மிச்சமாக நின்றபோது மாப்பிள்ளையின் தாய் பார்க்க வந்தார்.

"என்ட மகன் பாத்த படத்தில ஒரு பங்களா வருதாமே, முன்னுக்குப் பெரிய தூணெல்லாம் வெச்சி? அப்பிடிக் கட்டினாச் செரி. இல்லாட்டி நாங்க யோசிக்கணும்" என்றார்.

அவர் ஆயுளில் படமே பார்த்ததில்லை. மச்சானும் பார்த்ததில்லை. நான் பார்ப்பவன்தான், ஆனால் அந்தப் படம் அதற்குள் கல்முனைக் கொட்டகையை விட்டுப் போயிருந்தது. பார்த்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். நிக்காஹுக்கு முன்னர் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையிடம் போய் வீட்டைப் பற்றிக் கதைப்பது எங்களிடம் வழக்கமில்லை. எல்லாம் தாய் வழியாகவே போய் வர வேண்டும். தாய்க்குத் தெரிந்தது தூண் என்ற ஒன்றுதான்.

படம் மதராஸில் எடுத்தது. வெளிக்காட்சிகள் மட்டும் கொழும்பில் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை வந்ததும் மச்சானை அழைத்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டேன்.

புறக்கோட்டையில் சாரத் துணி விற்கும் மருதமுனைக்காரர் ஒருவர் வழிகாட்ட முன்வந்தார். முதலில் காலிமுகக் கடற்கரை. "இதிலதான் பாட்டு எடுத்த" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். கடலைக் காட்டினார். அடுத்து ரயில் நிலையம்.

"இதில என்ன நடந்த?" என்று மச்சான் கேட்டார்.

"ரயில் போன."

மச்சான் நிலையத்துத் தூண் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார். "இரும்பு. நமக்கு ஆகாது."

பங்களாக்கள் நிறைந்த கறுவாத்தோட்டத்தில் வழிகாட்டி ஒரு வீட்டின் முன்னே நின்றார். வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்கள். படலைக் கதவடிக்கு வந்த சமையற்காரர் நீர்கொழும்புப் பக்கத்தவர். தமிழ் தாராளமாகக் கதைத்தார். படம் பிடித்தது இங்கேயா என்று கேட்டோம். "பின்ன? நான்தானே எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினது" என்று உள்ளே விட்டார். துரை வெளியே போயிருந்தாராம்.

மச்சான் மடியிலிருந்து தறியின் பாவு நூல் எடுத்தார். அளவு நாடாவை அவர் நம்புவதில்லை. துணியை அளப்பதும் நூலால்தான். தூணைச் சுற்றி நூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"என்ன நானா, தூணுக்குத் தாலி கட்டுறீங்களா?" என்று அண்ணன் முறையில் மச்சானைக் கேட்டார் சமையற்காரர்.

"என்ட மகளுக்குத்தான் தம்பி. நீ நூலைப் புடி."

சுற்றளவு கிடைத்தது. உயரத்துக்கு நூல் எட்டவில்லை. ஏணி கேட்பது மரியாதையில்லை என்று மச்சான் சொன்னார். சமையற்காரரையே தூணோடு ஒட்டி நிற்கச் சொன்னேன். படலை வரை பின்னுக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை நீட்டிப் பிடித்துக் கணக்கிட்டேன். தூணின் உயரம் அவர் இரண்டு பேரும் ஒரு முழமும். குறித்துக்கொண்டேன். அடுத்து அவரை அளக்க மச்சான் இன்னொரு நூலை எடுத்தபோது தெருவில் கார் ஹோர்ன் கேட்டது. துரை. சமையற்காரர் அடுப்படிக்கு ஓடினார். நாங்களும் நின்று கதைக்கவில்லை.

ஊரில் வீடு கட்டும் மேசன் குறிப்பை இரண்டு தரம் வாசித்தார். "ஆள் ரெண்டு எண்டு கிடக்கு. ஆரு ஆள்?"

"கொழும்பில ஒரு சமையல்காரன்" என்றார் மச்சான்.

"அவன்ட உயரம்?"

"இவர்ட காது மட்டம்" என்று மச்சான் என்னைக் காட்டினார்.

"இல்ல, என்னை விட நாலு விரல் கூட" என்றேன்.

"அது அவன் படியில நிண்டதால!" என்றார் மச்சான்.

"அவன் நிலத்தில நிண்டவன்."

"நீங்கதான் ஒரு கண்ணைப் பொத்திட்டு நிண்டீங்களே. நான் ரெண்டாலயும் பாத்தன்."

அசர் தொழுகை வரை இது நடந்தது. கடைசியில் மேசன், இல்லாத ஆளை வைத்துத் தன்னால் கட்ட முடியாது என்று சொல்லி, தன்னையே ஆளாக வைத்துக்கொண்டார். அவர் கட்டையானவர். சுற்றளவு நூல் பிசகாமல் கொழும்பு, உயரம் மேசன். முடிந்தபோது தூண்கள் இரண்டும் அரிசிப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல் நின்றன.

மாப்பிள்ளையின் தாய் வந்தார். மச்சான் சாரத்தை ஒரு தரம் அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். என் தங்கை கதவின் பின்னால் நின்றாள். தாய் ஒரு தூணைச் சுற்றி வந்தார், மற்றதையும் சுற்றினார். அணைத்துப் பார்த்தார், கை முழுதும் எட்டவில்லை.

"என்ட மகன் சொன்ன மாதிரியே இரிக்கி" என்றார். "நாளைக் குறியுங்க."

கல்யாணம் முடிந்து சில காலத்தின் பின் மாப்பிள்ளையிடம் கேட்டேன், படத்தில் தூண் இந்த உயரம்தானா என்று.

"எனக்குச் செரியாத் தெரியா மாமா" என்றார். "நான் இரிந்த இடத்தில கொட்டகைக் கம்பு மறைச்சிட்டு. கூட்டாளிமார்தான் தூண் நல்ல வடிவு எண்டு சொன்னாங்க."

இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை.

பிறகு கொழும்பு போனபோது அந்த வீட்டுக்குப் போனேன். தூண்கள் இருந்தன. சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டாராம். புதியவருக்குப் படம் பிடித்த சங்கதி எதுவும் தெரியவில்லை. பழையவரின் உயரம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டேன். தான் கண்டதில்லை என்றார். ஆகவே அது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.