தட்டியும் பேசாத போன்

கோழிக் குழம்பில் உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக ஒரு மனுசன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டாலேயே பெண்டாட்டியின் மண்டையில் அடிப்பானா? என் கணவன் அடித்தான். எவர்சில்வர் தட்டு வளைந்துபோனது. நெற்றியில் வழிவது குழம்பா ரத்தமா என்று விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். இரண்டும்தான்.

அவனுக்கு ரிக் வண்டி இருக்கிறது. ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் லாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் இது அதிசயமில்லை. வண்டி வடக்கே ஓடும் மாதங்களில் என் உடம்பு தேறும். மழை பிடித்துத் தொழில் படுத்ததும் அவன் வீட்டுக்கு வருவான், நான் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பிப்பேன். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. "பேய்க்கு வாக்கப்பட்டாப் புளியமரம் ஏறித்தான் ஆகோணுங் கண்ணு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் காப்பியில் எதையாவது கலக்கிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று அவன் தட்டோடு நிறுத்தவில்லை. என் கைப்பையைப் பிடுங்கி பீரோவுக்குள் போட்டுப் பூட்டினான். ஏடிஎம் கார்டு, சில்லறை எல்லாம் அதற்குள். என் போனிலிருந்து சிம்மை எடுத்துப் பல்லால் கடித்து ஒடித்தான். பிறகு போனைச் சுவரில் அடித்தான்.

"இனி எவனக் கூப்புடறீன்னு பாக்கறேன்" என்றான்.

நான் எவனையும் கூப்பிட்டதில்லை. கோழித் தீவன ஆலை ஆபீசில் கணக்கு எழுதுகிறவளுக்கு மானேஜர்தான் போன் செய்வார், அதுவும் லோடு ஏறியாச்சா என்று கேட்க.

மாமியார் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் அங்கேதான் நிற்பார். மகன் கை ஓங்கும்போதெல்லாம் "உடு சாமி, உடு சாமி" என்பார். நிலையைத் தாண்டி வரமாட்டார்.

அவன் கை கழுவப் புறக்கடைக்குப் போன நேரம் பார்த்து, போனையும் ஸ்கூட்டர் சாவியையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாற்றுத் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை. ஆட்டையாம்பட்டியில் என் அக்கா வீடு இருக்கிறது. அவன் பிடிப்பதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்தேன். வழியில் பிடித்தால் கொன்றுவிடுவான். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பின்னாலேயே புல்லட்டில் வருவான் என்பதும் தெரியும்.

மல்லசமுத்திரம் தாண்டியதும் பெட்ரோல் முள் சிவப்புக்கும் கீழே படுத்துவிட்டது. பங்க் ஒன்று வந்தது. தைரியமாகவே வண்டியை உள்ளே விட்டேன். போனின் திரை விரிசல் விட்டிருந்தாலும் உயிர் இருந்தது. சிம் இல்லாததால் ஸ்கேன் செய்து காசு அனுப்ப முடியாது. ஆனால் என் சம்பளக் கார்டைப் போனுக்குள் ஏற்றி வைத்திருந்தேன். கார்டு மிசினுக்குப் பக்கத்தில் போனின் முதுகைக் கொண்டுபோனால் 'டிக்' என்று காசு போய்விடும், அதற்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். தீபாவளிக்கு நாமக்கல் துணிக்கடையில் அப்படித்தான் கட்டினேன்.

நீலக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி பெட்ரோல் போட்டாள். என் வயதுதான் இருக்கும். என் நெற்றியைப் பார்த்தாள். மிசினை நீட்டினாள். போனை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொருக்கா வெய்யுங்கக்கா."

வைத்தேன். திருப்பி வைத்தேன். மேலே, கீழே, ஓரமாக என்று மிசின் முழுக்கத் தேய்த்தேன். கல்லிடம் பேசுவது போல இருந்தது. அவன் சுவரில் அடித்ததில் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு ஆத்திரம் கிளம்பியது பாருங்கள், அந்த நிமிடம் அவன் எதிரில் இருந்திருந்தால் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தியிருப்பேன்.

"லாக் எடுத்துட்டுத்தான வெக்கறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எடுத்துட்டேனுங்க."

"மேலருந்து இழுத்தா என்.எஃப்.சின்னு ஒண்ணு இருக்கும். அது எரியுதான்னு பாருங்க. போன வாரம் ஒருத்தருக்கு அது அணைஞ்சு கெடந்துது."

இழுத்துப் பார்த்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதியை நிறுத்திப் பார்த்தோம். வேறு ஏதாவது ஆப் குறுக்கே நிற்கிறதா என்று பார்த்தோம். போனை அணைத்துப் போட்டோம். அது திரும்ப உயிர் பெறும் வரை நான் திருச்செங்கோட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பின்னால் நின்ற லாரி டிரைவர் தன் கார்டை அதே மிசினில் தட்டினார். டிக். உடனே போனது.

"மிசினு நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிக்கொண்டே பங்க் சூப்பர்வைசர் வந்தார். என் ஸ்கூட்டர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "காசு வராம வண்டிய உட முடியாதுங்கம்மா. பொறவு இந்தப் புள்ள சம்பளத்துலதான் புடிப்பாங்க."

அந்தப் பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். "ஊட்டாளுங்க யாரையாச்சும் கூப்புட்டுப் போட்டுடச் சொல்லுங்கக்கா."

வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. மானேஜர் நம்பரும் இல்லை. எனக்குத் தலைகீழாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று, அது அவனுடையது. வெட்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஒருக்கா அந்தக் கவரக் கழட்டிட்டு வெச்சுப் பாருங்களே" என்றாள். புத்தகம் போலத் திறக்கும் கனத்த உறை அது. போன மாதம் மாமியார் வாங்கித் தந்தது. நான் அதைப் பிரிக்க ஆரம்பித்தபோது புல்லட் சத்தம் கேட்டது.

அவன் வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை, அப்படியே சாய விட்டுவிட்டு வந்தான். வந்த வேகத்தில் என் சடையைப் பிடித்து இழுத்தான். சிமெண்டுத் தரையில் என் முழங்கால் தேய்ந்தது. வாயில் ஒரு குத்து விட்டான், பல்லில் உதடு கிழிந்தது. இத்தனை வருசம் நான் கையைக் குறுக்கே வைத்து மறைப்பதோடு சரி. அன்று கையில் ஹெல்மெட் இருந்தது. வீசினேன். அவன் மூக்கில் பட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோசமாக இருந்தது.

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனைப் பறிக்கப் பாய்ந்தான். நான் விடவில்லை. அவன் உறையைப் பிடித்து இழுக்க, நான் போனைப் பிடித்து இழுக்க, உறை கிழிந்து அவன் கையோடு போனது. கிழிந்த உள்துணியிலிருந்து பளபளவென்று ஒரு செப்புத் தகடு நழுவிக் கீழே விழுந்தது. கட்டம் போட்டு எழுத்து கீறிய மந்திரத் தகடு. அவன் குனிந்து எடுத்தான். அதில் அவன் பெயர் இருந்தது.

"எனக்கே செய்வினை வெக்கறயாடி?" என்று கத்திக்கொண்டு என் கழுத்தைப் பிடித்தான்.

எனக்கு மூச்சு அடைத்தது. கண் இருட்டும்போது பக்கத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. அந்தப் பெண் மிசினை என் கைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். உறை இல்லாத போனை அதன்மேல் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிக். சுவரில் அடித்ததில் போனுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. முதுகில் ஒட்டியிருந்த செம்பு குறுக்கே நின்றிருக்கிறது.

லாரி டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் பிய்த்தெடுத்தார்கள். நான் தகட்டை அவன் கையிலிருந்து தட்டிவிட்டு, காலால் மிதித்து மடக்கி, சாக்கடையில் எறிந்தேன். சூப்பர்வைசர் சாவியைக் கொடுத்தார். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே ஆட்டையாம்பட்டி போய்ச் சேர்ந்தேன்.

அக்கா வீட்டில் படுத்துக்கொண்டு மாமியாரைத்தான் நினைத்து நினைத்துப் பொருமினேன். மகன் பெயரைக் கீறி என் போனில் வைத்தது அவரைத் தவிர யாராக இருக்க முடியும்? நான் வீட்டை விட்டுப் போகாமல் அவனோடேயே கிடக்க வேண்டும் என்று கட்டு கட்டியிருக்கிறார், கிழவி நல்லாயிருக்கமாட்டாள் என்று சபித்தேன்.

உதட்டுத் தையல் பிரிப்பதற்குள் அவரே பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். முந்தானையைக் கைமேல் போர்த்தியிருந்தார். "உட்காருங்க" என்று நான் சொல்லவில்லை.

"அந்தத் தகடு எங்கெ சாமி?" என்று கேட்டார்.

"சாக்கடைல. எதுக்குங்கத்தே வெச்சீங்க? நான் அவங்கிட்டயே கெடந்து சாகறதுக்கா?"

"உன்னக் கட்டறதுக்கில்ல சாமி. அவங் கையக் கட்டறதுக்கு." அவர் குரல் இறங்கியது. "கெங்கவல்லிப் பக்கம் ஒரு பூசாரி எழுதிக் குடுத்தாரு. அடி வாங்கறவங்க ஒடம்பொட்டி இருக்கோணும்னாரு. நீ தாயத்துன்னா கழட்டி வீசிருவே. எந்நேரமும் உங் கையில இருக்கறது அந்தப் போனுதான? அதான் கவருக்குள்ள வெச்சுத் தச்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெறிதான் வந்தது.

"கெங்கவல்லி வரைக்கும் போனீங்களே, அடுப்படில இருந்து கூடத்துக்கு வர முடியலியாங்க உங்களுக்கு? பெத்த பையந்தான? ஒருக்கா அவங் கையப் புடிச்சிருக்கலாமுல்ல?"

அவர் முந்தானையைக் கைமேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். "செரி சாமி. இன்னொண்ணு எழுதி வாங்கிக்கறேன். பொழுதோட போகோணும்" என்று திரும்பினார்.

"யாருக்கு இன்னொண்ணு?"

"ஊட்டுல இப்ப நான் ஒருத்திதான சாமி இருக்கறேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. போகவிடாமல் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அய்யோ சாமி, உடு" என்று அலறினார். முந்தானை விலகியது. மணிக்கட்டு வீங்கிக் கறுத்து, கை கோணலாக நின்றது. நான் பிடித்திருந்தது அந்த இடத்தையேதான்.

ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவரும் கேட்டுக்கொண்டே வந்தார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார், "எப்படிம்மா ஆச்சு, விழுந்துட்டீங்களா?"

மாமியார் வழக்கமான பொய்யைச் சொல்லிவிடுவார், அதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தையல் இழுத்தது. அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"இல்லீங்க. எம் பையந்தானுங்க அடிச்சான்" என்றார். நல்ல கையால் என் முகத்தைக் காட்டினார். "இதும் அவந்தானுங்க. இத்தன வருசமா இவள அடிச்சான், நான் பாத்துட்டு நின்னனுங்க. அதையும் எழுதிக்கோங்க."