மரைக்காயர் அச்சை நிறுத்திய நாள்

சென்ற வியாழக்கிழமை காலை, மேரி என்று நாம் இன்னும் பிரெஞ்சிலேயே சொல்லிக்கொண்டிருக்கும் நகராட்சி அலுவலகத்தில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள், கரீம் மரைக்காயரின் மூத்த மகன் எதிரே வந்து நின்றான். "வாப்பா விடியக்காலையில மௌத்தாயிட்டாங்க மாமா. பதிவு பண்ணிடுங்க" என்றான். இருபது வருஷம் மரைக்காயர் கையாண்ட அதே இறப்புப் பதிவேட்டில் அவர் பெயரை நான் எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அவர் பார்த்திருந்தால் என் கையெழுத்தைக் கேலி செய்திருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் நாவல் எழுதிய சங்கதியும் தெரிந்திருக்கும். இளம் வயதில் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தவர். பதினான்கு வருஷம் கழித்து அங்கிருந்து காரைக்கால் திரும்பும் ஒருவனின் கதையை எழுதினார். என்னிடம் கொடுத்தார், ஒரே மூச்சில் படித்துவிட்டுப் பாராட்டினேன். சுத்தமாக நகல் எடுத்து மதராஸில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். பதிவேட்டில் ஏறியதும் குறிப்புத் தாளைக் கிழித்துப் போடுவது எங்கள் அலுவலக வழக்கம். அதே புத்தியில், அடித்தல் திருத்தலாக இருந்த முதல் பிரதியை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். "அதான் ஏத்தியாச்சுல்ல, இனி இது எதுக்கு பிள்ளை?" என்றார்.

இரண்டு வருஷம் பதிலே இல்லை. பிரெஞ்சுக்காரர் போன மறுவருஷம் பொறுமை கெட்டு, "நானே போட்டுக்கிறேன்" என்று கிளம்பினார். நம் ஊர் அச்சகத்தில் எட்டுப் பக்கத்துக்கு மேல் கோக்க ஈய எழுத்து கிடையாது. எட்டுப் பக்கம் அடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்டு, பிறகுதான் அடுத்த எட்டு. மரைக்காயரும் அதற்குத் தக்கபடி, ஞாபகத்திலிருந்து எட்டெட்டுப் பக்கமாகத் திரும்ப எழுதிக் கொடுத்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. மை காயாத தாளைக் கொண்டுவந்து என் மேஜை மேல் விரித்து, "தொடாதீங்க, பாருங்க" என்பார்.

எட்டாவது எட்டும் அச்சான வாரம் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. நாவலை வெளியிடுகிறார்களாம், வேறெங்கும் அச்சாகக் கூடாதாம். அவருக்குத் தயக்கம். "அவங்க போட்டா ஊரெல்லாம் படிக்கும். நான் போட்டா நான் எழுதுனபடி இருக்கும். எது வேணும்னு எனக்கே தெரியலைங்க பிள்ளை" என்றார். நான்தான் முந்திக்கொண்டேன். "சொந்தமாப் போட்டா கட்டுக்கட்டா வீட்லதான் கெடக்கும். கடையில கெடைக்கணும், நாலு பத்திரிகையில எழுதணும். நிறுத்திடுங்க மரைக்காயரே" என்றேன். அன்று சாயங்காலமே போய் நிறுத்திவிட்டு வந்தார். எதற்கும் என்னோடு வாதாடுகிறவர், அதற்கு மட்டும் வாதாடவில்லை.

பிறகு, "அடுத்த பட்டியலில்" என்று பதிப்பகத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு கார்டு வந்தது. போன வருஷம் வாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. எழுதவும் வழியில்லை, சொல்லவும் வழியில்லை. நான் ரயிலேறி மதராஸ் போனேன். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். "யாரோ வாசிக்க எடுத்துட்டுப் போனார் சார், தேடிண்டிருக்கோம்" என்றார் மானேஜர். அத்தனை மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? திரும்பி வந்து, "அச்சுல இருக்கு" என்று மரைக்காயரிடம் பொய் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், தைக்காத அந்த அச்சுத் தாள்களை மகன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். அறுபத்து நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் சைகோனிலிருந்து வந்தவன் கூடத்தில் உட்காருகிறான். மனைவி எதிரே நிற்கிறாள். அவளுக்கென்று கொண்டுவந்ததை எடுக்கப் பெட்டியைத் திறக்கிறான். "அவன் முதலில் எடுத்தது" என்பதோடு பக்கம் முடிந்துவிடுகிறது. மீதி வரி இருந்த அவர் கையெழுத்துத் தாளை அச்சகத்தில் மை துடைக்க எடுத்துத் தூரப் போட்டிருக்கிறார்கள்.

"என்ன எடுத்தான் மாமா? உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான் மகன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தத் தாள்களும் இந்தக் கேள்வியும்தான். நாவலை முழுதாகப் படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவனே. நாலு நாளாக யோசிக்கிறேன். பெட்டியிலிருந்து அவன் எதை எடுத்தான் என்று எனக்கு நினைவில்லை.