அமோனியா குறைந்த மாதங்கள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் வடகரையிலிருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் நான் மெசின் ஓட்டுபவனாக இருந்தேன். எங்கள் ஐஸ் கட்டிகளை நம்பித்தான் அந்தக் கரையில் மீன் கொழும்புக்குப் போனது.

ஐஸ் மெசினின் உயிர் அமோனியா. அது திரவமாகக் குழாய்களுக்குள் போய், அங்கே ஆவியாகி, சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீரில் தொங்கும் தகரப் பெட்டிகளுக்குள் நல்ல தண்ணீர் உறைந்து கட்டியாகும். அமோனியா குறைந்தால் கட்டியின் நடுப்பகுதி உறையாது. கூடினால் ஆவியாகாத திரவம், காஸை அழுத்தித் திரும்ப அனுப்பும் கொம்பிறசருக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். அளவைப் பார்க்க, வாசலோரம் நின்ற, அமோனியா சேரும் இரும்புத் தாங்கியில் ஒரு கண்ணாடிக் குழாய் பூட்டியிருந்தது. காலையில் கண் விழித்ததும் நான் பார்ப்பது அதைத்தான்.

அந்த வருடம் திரவம் அந்தக் குழாயின் அடிக்கு இறங்கிவிட்டது. கொம்பிறசரின் தண்டு வெளியே வரும் இடத்தில் காஸ் கசிந்துகொண்டே இருந்தது. கந்தகத் திரியைக் கொளுத்தி அருகில் பிடித்தால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும். மாற்றுவதற்குப் பாகம் கிடையாது. அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, வெளிநாட்டுச் சாமான் எதுவுமே வராத காலம் அது. அமோனியா சிலிண்டருக்குக் கொழும்பில் சொல்லிவைத்து மாதக்கணக்காகியும் பதில் இல்லை.

இருந்த கொஞ்சத்தை வைத்து ஓட்டுவதென்றால், திரவம் குழாய்களுக்குள் போகும் வால்வை விட்டு ஆள் நகர முடியாது. வெயில் ஏற ஏற அதைத் திறக்க வேண்டும், இறங்க இறங்க அடைக்க வேண்டும். குழாயில் உறைபனி எதுவரை படிகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டும். என்னோடு முறைமாற்றி நின்றவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மெசினறைக்குள்ளேயே ஒரு சாக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். களவுக்குப் பயந்து முதலாளி சன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் கடல் தெரியும். அந்த மாதங்களில் ஒரு நாளாவது நான் கடலில் கால் நனைத்ததாக ஞாபகமில்லை.

என் மனைவி முதல் பிள்ளைக்காகச் சாவகச்சேரியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நாள் நெருங்கியதும் முதலாளியிடம் லீவு கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போகவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. நீர் போனா மெசினை நிப்பாட்டத்தான் வேணும். உந்தச் சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டு நீரே சொல்லும்."

வாசலில் ஐஸுக்காக வள்ளக்காரர்கள் கூடையோடு நின்றார்கள். நான் உள்ளே வால்வடிக்குத் திரும்பிப் போனேன்.

பெண்பிள்ளை பிறந்த செய்தியைச் சாவகச்சேரிப் பக்கம் போய்வந்த லொறி ஓட்டுபவர் ஒருவர் சன்னல் கம்பிக்கு வெளியே நின்று சொன்னார். "தாயும் பிள்ளையும் சுகம். உம்மைத்தான் கேட்டவையாம்." சந்தோசம் வருவதற்குள் உறைபனிக்கோடு இறங்கிவிட்டது. வால்வைத் திருப்பப் போனேன். திருப்பிவிட்டு நிற்கும்போதுதான் அழுகை வந்தது.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்தபின், நான் வரமாட்டேன் என்று விளங்கியோ என்னவோ, அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொடிகாமத்தில் பஸ் மாறி வந்துவிட்டாள். பின்னேர நேரம். சன்னலுக்கு வெளியே சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையைப் பாருங்கோ."

கம்பிக்குள்ளால் பார்த்தேன். நெற்றியில் பெரிய பொட்டோடு பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது.

"வெளியிலை வந்து தூக்குங்கோவன்."

"கையெல்லாம் காஸ் மணம். கழுவிப்போட்டு வாறன்," என்று திரும்பினேன்.

அப்போதுதான் வாசலோரத்துக் கண்ணாடிக் குழாய் வெடித்தது. பெரிய சத்தமில்லை, போத்தல் ஒன்று கல்லில் விழுந்ததுபோல. அடுத்த நொடி வெள்ளைப் புகைமூட்டம் வாசலை மூடிவிட்டது. கண்ணுக்குள் மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் இருந்தது. அந்த அறைக்கு அந்த ஒரு வாசல்தான். நான் பின்சுவரில் மோதி, சன்னல் கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்து மூச்சிழுத்தேன். வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது.

அவள் ஓடவில்லை. பிள்ளையை மீன்காரப் பெண் ஒருத்தியின் கையில் கொடுத்துத் தூரப் போகச் சொல்லிவிட்டு, கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தாள்.

"என்ன செய்ய வேணும்? சொல்லுங்கோ."

"தண்ணியை என்ரை மேலை ஊத்து. காஸைத் தண்ணி குடிக்கும்."

வாளி வாளியாகக் கம்பிக்குள்ளால் ஊற்றினாள். அவள் இருமுவதும் கிணற்றடிக்கு ஓடுவதும் கேட்டன. கட்டில் சாக்கை நனைத்துத் தலையில் போட்டு, மூச்சை அடக்கி, தரையோடு தரையாகத் தாங்கிவரை ஊர்ந்தேன். கண்ணாடி இருந்த இடத்துக்குக் கீழே காஸை அடைக்க ஒரு திருகு, மேலே ஒன்று. கீழேயுள்ளதை அடைத்தேன். மேலேயுள்ளதற்குக் கை எட்டும்போது மூச்சு முட்டிவிட்டது. திரும்பச் சன்னலுக்கு வந்தேன். அவள் இன்னொரு வாளியோடு நின்றாள். கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன. இரண்டாம் முறை போய் அதையும் அடைத்துவிட்டு வாசலால் வெளியே விழுந்தேன்.

கை இரண்டிலும் தோல் வெந்திருந்தது. கழுவிக் கட்டுப்போட்டபின் பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். கையால் தொட முடியவில்லை. அசையாமல் இருந்து பார்த்தேன்.

தாங்கியில் மெசின் ஓட்டுமளவுக்கு அமோனியா மிஞ்சவில்லை. ஐஸ் நின்றது. மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினார்கள். நான் மனைவியோடு சாவகச்சேரிக்குப் போனேன். சந்தைக்குப் போனேன், பிள்ளைக்குச் சேலையில் கட்டிய ஏணையை ஆட்டினேன், பகலில் படுத்து உறங்கினேன். வேறு வேலை தேடியும் அலைந்தேன். எங்கேயும் ஆள் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடியுமுன் முதலாளியின் கார் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றது. சிலிண்டர்கள் வந்துவிட்டன என்றார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஐயா, அந்த அறைக்கு இன்னொரு கதவு வைப்பியளோ?" என்று அவள் கேட்டாள்.

"வைக்கலாம் பிள்ளை."

"வைச்சுப்போட்டு ஆளனுப்புங்கோ. நாங்கள் மூண்டுபேரும் வாறம்."

கதவு வைத்தார். தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் அறையும் தந்தார். புதுக் கண்ணாடிக்குள் திரவம் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்த நாளே அந்தச் சந்தோசம் போய்விட்டது. மெசின் நன்றாக ஓடியது. ஐஸ் கேட்டு வருபவர்களும் கூடினார்கள். முறைமாற்ற முதலாளி இன்னோர் ஆளை எடுக்கவில்லை; என்னை விட்டால் ஆளில்லை என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. எண்பதுகள் தொடங்கும்வரை அங்கேதான் இருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த முற்றத்திலிருந்துதான். பின்னேரங்களில் மனைவி அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். நான் வால்வடியில் நின்று அவர்கள் போவதைப் பார்ப்பேன்.